தம்பிக்கு ஜனவரியில் 18 முடிகிறது, ஹோமை விட்டு வந்தால் எங்கே தங்க வைப்பது?

ஒரகடம்அக்கா:

வணக்கம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் தம்பியும் ஹோமில் வளர்ந்தவர்கள். எனக்கு ஏழு வயதில் அப்பா போனார், அடுத்த வருடமே அம்மா. தம்பிக்கு அப்போது நாலு வயது. தெற்கே ஒரு மாவட்டத்தில் என்னை ஒரு இல்லத்திலும் அவனைப் பக்கத்து ஊரில் பையன்கள் இல்லத்திலும் சேர்த்தார்கள். எனக்கு 18 முடிந்தபோது அங்கிருந்த மேடம் ஒரு கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார், ஹாஸ்டலும் கம்பெனியுடையதே, நாலு வருடமாக அதில்தான் இருக்கிறேன். ஆறு பேருக்கு ஒரு ரூம். தம்பி போன தடவை பார்க்க வந்தபோது வாட்ச்மேன் கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை, எதிரே டீக்கடை பெஞ்சில் மூணு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு பஸ் ஏற்றிவிட்டேன்.

இப்போது விஷயம் என்னவென்றால் அவன் பிளஸ் டூ படிக்கிறான். ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளி, நன்றாகத்தான் படிக்கிறான். ஜனவரி கடைசியில் 18 முடிகிறது, மார்ச்சில் பரீட்சை. "அடுத்து எங்கே போகப் போகிறாய்" என்று ஹோமில் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே இருக்கும் சார் நல்லவர், ஆனால் தன் கையில் ஒன்றும் இல்லை என்கிறார். சித்தப்பா ஒருத்தர் உண்டு. பதினாலு வருடத்தில் இரண்டு தடவைதான் எட்டிப் பார்த்தார். இப்போது திடீரென்று டிசம்பரிலேயே கூட்டிக்கொண்டு போய் தெரிந்த லேத் பட்டறையில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார்.

பிறந்தநாள் அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகத்தான் வேண்டுமா? பரீட்சை வரைக்குமாவது இருக்க முடியுமா? அப்புறம் எங்கே தங்க வைப்பது? என் சம்பளத்தில் தனி வீடு எடுத்து இரண்டு பேரும் இருக்கலாமா என்றும் யோசிக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டிங்மாஸ்டர்:

தங்கச்சி, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை. பரீட்சை முடிந்ததும் திருப்பூருக்கு அனுப்புங்கள், செக்கிங்கோ அயர்னிங்கோ ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடலாம். ரூம் கம்பெனியிலேயே கொடுப்பார்கள், சாப்பாட்டுக்கு மெஸ் இருக்கிறது. நாங்களெல்லாம் ஒரு மஞ்சப்பையோடு வந்து இறங்கியவர்கள்தான். படிப்பைத் தபால் வழியில் முடித்துக்கொள்ளலாம்.

மேன்ஷன்வாசி:

மாஸ்டர் அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அது வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நானும் ஹோம் பையன்தான். 2016-ல் வெளியே வந்தேன். ஒரு இரும்பு டிரங்குப் பெட்டி, மூணு செட் துணி, மார்க் ஷீட், கையில் இரண்டாயிரம் ரூபாய், ஒரு பிரேயர். அவ்வளவுதான் வழியனுப்பு விழா.

முதல் வேலை ஒரு பட்டறையில், தங்கல் அதே பட்டறையின் மாடியில். எட்டு மாதம் கழித்து முதலாளியோடு ஒரு வாக்குவாதம். காலையில் வேலை போனது, சாயங்காலம் படுக்கையும் போனது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, வேலையையும் படுக்கையையும் ஒரே ஆணியில் மாட்டினால் ஆணி பிடுங்கும்போது இரண்டும் சேர்ந்து விழும். மற்ற பையன்களுக்கு வேலை போனால் ஊருக்குப் பஸ் ஏறிவிடலாம், அம்மா திட்டிக்கொண்டே சோறு போடுவார். நமக்கு அந்தப் பஸ் கிடையாது. நான் அன்றைக்கு சென்ட்ரலில் பிளாட்பார பெஞ்சில் படுத்தேன், இரண்டாம் நாள் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் ஒரு சீனியர் அண்ணன் தன் ரூமில் தரையில் இடம் கொடுத்தார். அதனால்தான் இந்தப் பெயர்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது கம்பெனி ரூம்களில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று மாஸ்டருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் தம்பிக்கு எந்த இடம் பார்த்தாலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த இடம் நாளைக்கு இல்லை என்றால் நாளை ராத்திரி எங்கே? அதற்குப் பதில் இருந்தால் போதும், அது மாளிகையாக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் அதே கேள்விதான் தங்கச்சி, நீங்களும் கம்பெனி ஹாஸ்டலில்தானே இருக்கிறீர்கள்?

முன்னாள்கேஸ்வொர்க்கர்:

நான் சில வருடம் ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேலை பார்த்தவன், இப்போது அந்தத் துறையில் இல்லை. முதலில் சித்தப்பா விஷயம், அதுதான் அவசரம்.

டிசம்பரில் அனுப்பாதீர்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-வது பிரிவு, 18 வயது முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுகிறவர்களுக்குத்தான் உதவி என்று பேசுகிறது. 18 முடிவதற்கு ஒரு மாதம் முன்பு உறவினரிடம் ஒப்படைத்துவிட்டதாகக் கோப்பில் ஏறினால், அப்புறம் "நீ இல்லத்திலிருந்து 18-ல் வந்தவன் இல்லையே" என்று கையை விரிக்க இடம் உண்டு. அதோடு 18-க்கு முன் யாரிடம் அனுப்புவதானாலும் குழந்தைகள் நலக் குழு (இல்லத்துப் பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுக்கும் மாவட்டக் குழு) விசாரித்து உத்தரவு போட வேண்டும், சித்தப்பா வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போகிற காரியம் இல்லை. 18 முடிந்த பிறகு அவன் மேஜர், போவதா வேண்டாமா என்று அவனே முடிவு செய்யட்டும்.

அடுத்தது ஆஃப்டர்கேர், அரசு பாஷையில் பிற்காப்பு, அதாவது இல்லத்தை விட்டு வந்த பிறகும் தொடர்கிற உதவி. 18 முதல் 21 வரை உண்டு, விதிவிலக்கான சூழ்நிலையில் இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கலாம். அதே சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளில் 25-வது விதியைப் படித்துப் பாருங்கள். பையன் வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பே நன்னடத்தை அலுவலரோ கேஸ் வொர்க்கரோ அவனுக்கென்று ஒரு திட்டம் எழுதிக் குழுவிடம் கொடுக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு அது நவம்பர் கடைசி. ஹோம் சாரிடம் "அவனுடைய ஆஃப்டர்கேர் பிளான் எழுதியாச்சா சார்" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். இந்த வார்த்தை தெரிந்தவர் கேட்கிறார் என்றாலே கோப்பு கொஞ்சம் அசையும், அனுபவத்தில் சொல்கிறேன்.

அதே விதியில் ஆறு முதல் எட்டு பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்குகிற குழு வீடு, தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, மேற்படிப்புக்கு உதவி, தொடர்ந்து பேச ஒரு ஆலோசகர் எல்லாம் இருக்கிறது. எல்லா மாவட்டத்திலும் இது எழுத்தில் இருக்கிற மாதிரி கிடைக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் இதற்கு உதவ முன்வருகிற நிறுவனங்கள், தனிநபர்களின் பட்டியலை மாவட்ட அலகு வைத்திருக்க வேண்டும் என்பதும் விதிதான். அந்தப் பட்டியலைக் கேளுங்கள். குழு வீடு ஏதாவது இருந்தால் அதில்தான் தெரியும்.

பணம்: 2022-ல் வந்த மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்ட வழிகாட்டுதலில் ஆஃப்டர்கேருக்கு ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய். அதற்கு முந்தைய திட்டத்தில் 2,000-தான், அதையும் வாங்காமலேயே போனவர்கள் நிறைய. நேராக அவன் பேங்க் கணக்குக்குத்தான் வரும். ஆனால் இந்த 4,000 ஒன்றாம் தேதி டாண் என்று வந்துவிடும் என்று நம்பி வாடகைக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சில மாதம் சேர்த்து மொத்தமாக வருவதும் உண்டு, நான் இருந்தபோது பையன்கள் போன் பண்ணிக் கேட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கும்.

இன்னொன்று. 46-வது பிரிவு நிதியுதவி "அளிக்கப்படலாம்" என்றுதான் சொல்கிறது. "வேண்டும்" இல்லை, "லாம்". எல்லாம் அந்த "லாம்"-இல்தான் தொங்குகிறது, அதனால் கேட்காதவனுக்கு ஒன்றும் வராது. தம்பி தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதட்டும்: இந்தத் தேதியில் 18 முடிகிறது, மார்ச்சில் பொதுத்தேர்வு, அதுவரை இங்கேயே தங்க அனுமதியும் அதன்பின் பிற்காப்பும் வேண்டும். ஒரு பிரதி குழந்தைகள் நலக் குழுவுக்கு, ஒரு பிரதி மாவட்ட அலகுக்கு. தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். பரீட்சை வரை வாய் வார்த்தையாக வைத்துக்கொள்ளும் இல்லங்கள் உண்டு, ஆனால் நடுவில் ஆய்வுக்கு யாராவது வந்தால் ரிஜிஸ்டரில் 18 தாண்டிய பையன் ஏன் என்று கேட்பார்கள், பாவம் அந்த சார்தான் மாட்டுவார். எழுத்தில் இருந்தால் அவருக்கும் நிம்மதி.

அலுவலக எண் தெரியாவிட்டால் 1098-க்கு அழையுங்கள். அது குழந்தைகளுக்கான எண். தம்பி இன்னும் சில மாதத்துக்குக் குழந்தைதான், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒரகடம்அக்கா:

சார், ரொம்ப நன்றி. எனக்கு 18 முடிந்தபோது இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. படிக்கும்போது கொஞ்சம் கோபம்கூட வந்தது, போகட்டும்.

மேன்ஷன்வாசி அண்ணா கேட்டதற்குப் பதில்: தெரியாது. இங்கே வேலை போனால் நாளை ராத்திரி எங்கே என்று நானே இதுவரை யோசித்ததில்லை.

வீடு எடுப்பது பற்றி யாராவது சொல்லுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை படப்பை பக்கம் இரண்டு வீடு பார்த்தேன். ஒரு ஓனரம்மா, அப்பா என்ன பண்றார், சொந்த ஊர் எது, கல்யாணம் எப்போது என்று எல்லாம் கேட்டுவிட்டு, தம்பி என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இன்னொருத்தர் "பெரியவங்க யாராவது வந்து பேசட்டும்" என்றார். எந்தப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போவது?

விடுதிக்காப்பாளர்:

அம்மா, நான் அரசு கல்லூரி மாணவர் விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு எடுப்பதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள், முதலில் பையனைப் படிப்பு வழியாக ஒரு விடுதிக்குள் கொண்டுவரப் பாருங்கள்.

உங்கள் இருவரிடமும் சாதிச் சான்றிதழ் இருக்கிறதா? இல்லை என்றால் இதைக் கவனியுங்கள். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற குழந்தைகளுக்கென்றே ஒரு இனம் இருக்கிறது. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்துகிற அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்டவர்கள் அதில் வருவார்கள். என் விடுதிக்கே இரண்டு பிள்ளைகள் அப்படிச் சான்றிதழோடு வந்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் "சித்தப்பா இருக்கிறாரே" என்று கேட்கக்கூடும். குழந்தைகள் நலக் குழு உத்தரவு, இல்லத்தில் சேர்த்த பதிவு, பெற்றோர் இறப்புச் சான்றிதழ் மூன்றும் கையில் இருந்தால் பேசலாம். பையன் இல்லத்தில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். வெளியே வந்தபிறகு எந்தத் தாலுகா என்பதிலேயே நாலு மாதம் ஓடிவிடும். ஏற்கெனவே வேறு சான்றிதழ் இருந்தால் அதுவே போதும், இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறைகளின் கல்லூரி விடுதிகளில் தங்கலும் சாப்பாடும் இலவசம். 2025-லிருந்து சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், பழைய பெயரில் தேடினால் குழம்பாதீர்கள்.

ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றீர்களே, அதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய துருப்புச்சீட்டு. பொறியியல், வேளாண்மை, சட்டம் மாதிரியான படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கலைக் கல்லூரியோ ஐடிஐயோ போனாலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு. அரசு ஐடிஐயில் அது போக மாத உதவித்தொகை 750. லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்றால்கூட ஐடிஐயில் டர்னர் படித்துவிட்டுப் போகட்டுமே, சித்தப்பாவுக்கு என்ன அவசரம்?

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இதை எந்த விண்ணப்பத்திலும் எழுத மாட்டார்கள். பொங்கல், தீபாவளி, செமஸ்டர் லீவுக்கு விடுதியைப் பூட்டுவார்கள். ஒரு வருடம் தீபாவளிக்கு முந்தின நாள் எல்லாரும் போய்விட்டார்கள், ஒரு பையன் மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். "ஏன்டா, ஊருக்குப் போகலையா" என்று கேட்டுவிட்டேன். அவன் விண்ணப்பத்தை நான்தான் சரிபார்த்தேன், அதில் எல்லாம் எழுதியிருந்தது, இருந்தும் கேட்டுவிட்டேன். அந்த நாலு நாள் எங்கள் வீட்டில் இருந்தான். உங்கள் தம்பி சேரும்போதே காப்பாளரிடம், லீவு நாளில் எங்கே தங்குவது என்று நேராகப் பேசிவிடுங்கள். பூட்டுகிற அன்றைக்குக் கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து இடத்தில் அக்கா என்று போட்டு நீங்களே கையெழுத்திடலாம், கூடவே இல்லத்தின் கடிதம் வையுங்கள்.

மேன்ஷன்வாசி:

காப்பாளர் ஐயா சொன்ன லீவு விஷயத்துக்காகத்தான் தங்கச்சி வீடு எடுக்க வேண்டும் என்கிறேன், ஆனால் தம்பி படிப்பு தொடங்கின பிறகு. அப்போது அவனுக்குப் போய் இறங்க ஒரு இடம், உங்களுக்கும் கம்பெனியை நம்பாத ஒரு இடம். அதுவரை உங்களுக்கு மட்டும் என்றால் அரசின் தோழி விடுதிகளைப் பாருங்கள், வேலைக்குப் போகும் பெண்களுக்கானது, உங்கள் பக்கத்திலேயே கூடுவாஞ்சேரியிலும் தாம்பரத்திலும் இருக்கிறது.

ஓனர்கள் விஷயத்தில் என் அனுபவம்: "யாரும் இல்லை" என்று முதல் வாக்கியமாகச் சொல்லாதீர்கள். பொய்யும் சொல்ல வேண்டாம், பின்னாடி அது கழுத்தில் ஏறும். "அப்பா அம்மா தவறிட்டாங்க, தம்பி படிக்கிறான், நான் இந்தக் கம்பெனியில் நாலு வருஷமா இருக்கேன்" என்று சம்பளச் சீட்டை எடுத்துக் காட்டுங்கள். உடன்பிறப்பு என்பதற்கு இரண்டு பேர் டிசியிலும் ஒரே அப்பா பெயர் இருக்குமே, ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் வேண்டும் என்றால் உங்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்த அந்த மேடத்தைப் போனில் பேச வையுங்கள். எனக்கு என் பழைய கணக்கு டீச்சர் பேசினார், ஐந்து நிமிடத்தில் சாவி கைக்கு வந்தது.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூணு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பதுதான் 2017-ல் கொண்டுவந்த வாடகைச் சட்டம். சட்டம் பேசினால் வீடு கிடைக்காது, ஆனால் அது தெரிந்து பேரம் பேசினால் பத்து ஐந்தாகும். எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம் போடுங்கள், அட்வான்ஸை பேங்க் வழியாகவே கொடுங்கள்.

கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று கேட்பார்கள், புது வீட்டில் அது உடனே கிடைக்காது. ஐந்து கிலோ சிலிண்டர் வாங்கிக்கொள்ளுங்கள், அடையாள அட்டை மட்டும் போதும். ஒரு சின்ன கதை: ஹோமில் நான் சமையல்கட்டில் உதவி, நூறு பேருக்கு சாம்பார் வைப்பேன். தனியாக வந்து முதல் நாள் வைத்தது எட்டு பேர் சாப்பிடுகிற அளவு. மூணு நாள் அதையே சாப்பிட்டேன்.

கட்டிங்மாஸ்டர்:

சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். 2020-ல் ரூமைக் காலி பண்ணச் சொன்னபோது நானும் பெட்டியோடு ரோட்டில் நின்றவன்தான், ஊர் இருந்ததால் ஊருக்குப் போனேன். ஊர் இல்லாதவன் என்ன பண்ணுவான் என்று யோசிக்கவில்லை. பையன் படிக்கட்டும்.

ஒரகடம்அக்கா:

மூணு வாரம் கழித்து வருகிறேன். லீவு போட்டு ஊருக்குப் போய்வந்தேன். தம்பி கடிதம் எழுதிவிட்டான், இரண்டு பிரதியிலும் முத்திரை வாங்கியாச்சு. "ஆஃப்டர்கேர் பிளான்" என்று கேட்டதும் சார் சிரித்துவிட்டு, இது உனக்கு யாரும்மா சொன்னது என்றார். நவம்பரில் குழு முன்னால் வரச் சொல்லியிருக்கிறார்கள், நானும் போகிறேன். பரீட்சை வரை வைத்துக்கொள்வதில் பிரச்சினை இருக்காது என்று குழுவில் ஒரு மேடம் வாயால் சொன்னார், உத்தரவு கைக்கு வரட்டும். குழு வீடு எங்கள் மாவட்டத்தில் இல்லை, பக்கத்து மாவட்டத்தில் ஒன்று இருப்பதாகப் பட்டியலில் பார்த்தேன். சித்தப்பா கோபித்துக்கொண்டார், பரவாயில்லை.

ஒரு சிக்கல். தம்பி ஆதாரில் ஹோம் சாருடைய மொபைல் எண்தான் இருக்கிறது, பேங்க் கணக்கிலும் அதே. ஓடிபி எல்லாம் அவருக்குப் போகிறது. முகவரியை மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்ற முடியுமா?

முன்னாள்கேஸ்வொர்க்கர்:

முடியும். தம்பி ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும், மொபைல் எண்ணுக்குச் சான்று எதுவும் கேட்க மாட்டார்கள். முகவரி இப்போதைக்கு ஹோமுடையதாகவே இருக்கட்டும், கல்லூரி சேர்ந்த பிறகு மாற்றலாம். பேங்க் கணக்கு மைனர் கணக்காகத்தான் இருக்கும், 18 முடிந்ததும் புதுக் கையெழுத்து, புதுப் படம், ஆதார் எல்லாம் கொடுத்து அவன் பெயருக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் 4,000 வந்தாலும் எடுக்க முடியாமல் நிற்கும். சிம் அவன் பெயரிலேயே வாங்க 18 முடிய வேண்டும், அதுவரை உங்கள் பெயரில் ஒன்று வாங்கிக் கொடுங்கள். நவம்பரில் குழு முன்னால் போகும்போது அவன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் அசலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், பிறந்த தேதிக்கு அதைத்தான் பார்ப்பார்கள்.